பொடி பாக்கெட்டில் அத்தையின் பெயர்: அது யாருக்குச் சொந்தம்?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். 2019-இல் வீட்டு அடுப்படியில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று ஆரம்பித்தவரிடம் இன்று எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். பாக்கெட்டில் மாமியாரின் பெயரும் படமும் இருக்கின்றன. கோயம்புத்தூர் பக்கம் சரக்கு எடுக்கும் விநியோகஸ்தர், "பிராண்டை என் பேர்லயே ரிஜிஸ்டர் பண்ணிடறேன், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்றாராம். அதே வாரம் போனில் ஒருவர், "ஏழே நாளில் டிரேட்மார்க், 1,499 ரூபாய்தான்" என்றாராம். ஜிஎஸ்டி கணவர் பெயரில், எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பதிவு இவர் பெயரில். "ஜிஎஸ்டி சான்றிதழில் பிராண்டு பெயர் இருக்கிறதே, அது போதாதா? பதிவு செய்வதென்றால் யார் பெயரில் செய்வது? ஊர்ப் பெயரையும் சேர்க்கலாமா? அத்தை படத்தைப் போடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கோயம்புத்தூர்க்காரர் விஷயம். அதுதான் அவசரம். அவர் நல்லவராகவே இருக்கட்டும், உங்களுக்கு உதவுவதாக நினைத்தே சொல்லியிருக்கட்டும். ஆனால் டிரேட்மார்க், அதாவது பிராண்டு பெயரைச் சொந்தமாக்கும் பதிவு, அதற்கான விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதுதான் பிராண்டு என்று எடுத்த எடுப்பில் எல்லோரும் நினைப்பார்கள். நாளை கணக்கு வழக்கில் ஒரு மனத்தாங்கல் வந்தால், உங்கள் அத்தை பெயர் போட்ட பொடியை நீங்களே விற்கக் கூடாது என்று உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். அப்படி ஒரு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அப்பள வியாபாரி என் மேஜைக்கு எதிரே பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். பதினான்கு வருடம் அவர் விற்ற பெயர் அது. சரக்கு எடுத்தவர் தன் பெயரில் போட்டுவிட்டார். கடைசியில் ஜெயித்தோம். அதற்குள் அவர் அந்த ஊர்க் கடைகளையெல்லாம் இழந்துவிட்டார்.

அதனால் இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புங்கள். "பிராண்டு எங்களுடையது, நாங்களே பதிவு செய்கிறோம், நீங்கள் விநியோகம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாக எழுதினால் போதும். அவர் "சரிம்மா" என்று போடும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பிறகு ஒரு விநியோக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாரா என்பதையும் டிரேட்மார்க் பதிவுகள் இருக்கும் அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, ஜிஎஸ்டி போதாதா என்ற கேள்வி. போதாது. ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கு, எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்புக்கு, உத்யம் நீங்கள் சிறுதொழில் என்று காட்டுவதற்கு. பெயர் உங்களுடையது என்று இவற்றில் எதுவும் சொல்லாது. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தாலும் இதே கதைதான். பெயரைச் சொந்தமாக்கிப் பதிவு தருவது 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டம் மட்டும்தான்.

ஆனால் அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவைதான் உங்கள் தேதியைச் சொல்லும் சாட்சிகள். நம் நாட்டில் பெயரை முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கு உரிமை அதிகம். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நெல்லையப்பர் கோயில் எதிரே, சாயங்காலம் மட்டும் திறக்கும் கடை. அதே 'இருட்டுக்கடை' என்ற சொல்லை வைத்து இன்னொருவர் அல்வா விற்றார். வழக்கு வந்தபோது, தன்னிடமும் டிரேட்மார்க் பதிவு இருக்கிறது என்று வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவு இருந்தாலும் முன்னால் பயன்படுத்தியவரின் உரிமையே பெரியது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. பழைய கடை ஜெயித்தது. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, "அப்போ பதிவே வேண்டாமே" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பதிவு இல்லாதவர் ஒவ்வொரு முறையும் தன் கடைக்கு இருக்கும் பெயரையும் புகழையும் நீதிமன்றத்தில் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். இருட்டுக்கடைக்கு ஊர் முழுக்க சாட்சி இருந்தது. ஆறு வயதுப் பொடி பாக்கெட்டுக்கு அது கஷ்டம். அதனால் உங்களுக்கு இரண்டும் வேண்டும், தேதிக்குச் சாட்சியும் பதிவும்.

சாட்சி என்று எதைச் சேர்ப்பது? உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. "முதல் லேபிள் சிவகாசியில் ஆயிரம் அடித்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சகத்தின் பில் இருக்கிறதா? இருந்தால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. அதில் தேதி இருக்கும், பிராண்டு பெயர் இருக்கும், வெளியாள் ஒருவர் போட்ட கணக்காகவும் இருக்கும். உங்களிடம் இல்லையென்றால் அச்சகத்தாரிடம் கேளுங்கள், பழைய பில் நகலைத் தேடிக் கொடுப்பார்கள். அப்புறம் உங்கள் பழைய பில் புத்தகம், கூரியர் ரசீதுகள், முதல் வாட்ஸ்அப் ஆர்டர்கள், முகநூலில் போட்ட முதல் படம். ஒன்று கவனியுங்கள். மெஷினில் வரும் வழவழப்பான பில் இரண்டு வருடத்தில் வெளுத்துப்போகும். சேலத்திலிருந்து ஒருவர் அரிசிச் சாக்கு நிறைய பில் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். பாதிக்கு மேல் வெள்ளைக் காகிதம். அதனால் இருப்பதை உடனே ஸ்கேன் செய்துவிடுங்கள். 2019 முதல் பயன்படுத்துகிறோம் என்று விண்ணப்பத்தில் சொன்னால், அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் இந்த ஆதாரங்களும் சேர்த்துத் தர வேண்டும். சில ஏஜெண்டுகள் "2010-னு போட்டுக்கலாம்மா, யார் பாக்கப் போறா" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எதிராளி வக்கீல் முதலில் கை வைப்பது அந்தத் தேதியில்தான். அது பொய் என்று ஆனால் மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

இனி பெயருக்கு வருகிறேன். உங்கள் நாலு கேள்வியில் பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கோ அதுதான் பெரிய கவலை.

உங்கள் பாக்கெட்டில் இருக்கும் அத்தையின் பெயர் ஓர் அம்மனின் பெயரும்கூட, அதோடு 'அம்மா வீட்டுப் பொடி'. பின்பாதி யாருக்கும் சொந்தமாகாது. வீட்டில் செய்த பொடியை வீட்டுப் பொடி என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. பொருளின் குணத்தையோ வகையையோ சொல்லும் சொற்களை, புகழ்ச்சிச் சொற்களை, ஊர்ப் பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சட்டம் லேசில் சம்மதிக்காது. பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. ஐடிசி தன் யிப்பீ நூடுல்ஸுக்கு 'மேஜிக் மசாலா' என்று பெயர் வைத்திருந்தது. நெஸ்லே மேகியில் 'மேஜிக்கல் மசாலா' கொண்டுவந்தது. ஐடிசி வழக்குப் போட்டது. மேஜிக் என்பது பொருளைப் புகழும் பொதுச் சொல், அதற்குத் தனியுரிமை கேட்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. அவர்களிடம் இல்லாத வக்கீலா, பணமா?

ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்களே, அதுவும் இதே கணக்குதான். எங்கே செய்தது என்று லேபிளில் போட்டுக்கொள்ளுங்கள், பிராண்டாக நம்ப வேண்டாம். ஊர்ப் பெயருக்கு வேறு வழி உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தப் பதிவகமும் நம் டிரேட்மார்க் அலுவலகமும் கிண்டியில்தான் இருக்கின்றன. ஆனால் புவிசார் குறியீடு அந்த ஊரில் அந்த முறைப்படி செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவானது, தனி ஆள் சொத்து ஆகாது.

முன்பாதியான அம்மன் பெயருக்கு வருவோம். சாமி பெயரைப் போடக் கூடாது என்று இல்லை. ஆனால் உங்களைப் போலவே ஊருக்கு நாலு பேர் போட்டிருப்பார்கள். டிரேட்மார்க் பதிவில் பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் பெயரை மசாலா வகுப்பில் தட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்தது. கர்நாடகத்தில் நந்தினி பால் உங்களுக்குத் தெரியும். 'நந்தினி டீலக்ஸ்' என்று அங்கே ஓட்டல்களும் உண்டு. அந்தப் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்று பால் கூட்டமைப்பு எதிர்த்தது. நந்தினி என்பது தெய்வத்தின் பெயர், பசுவின் பெயர், யாரும் புதிதாக உருவாக்கிய சொல் இல்லை, பொருட்களும் வேறு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலுக்கே பதிவு கொடுத்தது. ஆக, உங்கள் பதிவே கிடைத்தாலும் அதே அம்மன் பெயரில் நாளை ஒருவர் மாவோ எண்ணெயோ விற்றால் உங்களால் தடுக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு வழி சொல்லாமல் விடமாட்டேன். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் அத்தையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவர் பிறந்த வீட்டை வைத்து ஒரு பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று. அந்தச் சொல்லை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை. மூன்று எழுத்து, வாயில் நிற்கிறது. பொடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டம் கேட்பது இப்படிப்பட்ட சொல்லைத்தான். உங்கள் பிராண்டு அதுதான் சகோதரி. அதை இங்கே எழுத மாட்டேன். நீங்களும் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அதையும் தேடித்தான் பார்த்தேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள். அதில் ஒரு 'ழ' இருக்கிறது. நம் ஆட்கள் ஆங்கிலத்தில் அதை ஒருவர் இசட்-எச் போட்டும் இன்னொருவர் ஒற்றை எல் போட்டும் எழுதியிருப்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், ஒலி ஒற்றுமைத் தேடலிலும் போடுங்கள். மசாலா, பொடி, மாவு எல்லாம் 30-ஆம் வகுப்பில் வரும். ஊறுகாயும் சமையல் எண்ணெயும் 29. இரண்டிலும் பாருங்கள்.

ஆறு வருடம் ஓடிய பழைய பெயரை ஒரே நாளில் விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு விண்ணப்பம் போடுவோம். பழைய பெயரும் படமும் சேர்ந்த லேபிளை அப்படியே படமாக ஒன்று, 2019 முதல் பயன்பாட்டில் இருப்பதாக. பட்டப்பெயரை வெறும் சொல்லாக இன்னொன்று, இனிமேல் பயன்படுத்தப் போவதாக. சொல்லாகப் போட்டால் எந்த எழுத்து வடிவில் அச்சடித்தாலும் பாதுகாப்பு உண்டு. லேபிளைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால் எல்லா நிறத்துக்கும் சேரும். தமிழில் போடலாமா என்று தயங்க வேண்டாம், தாராளமாகப் போடலாம். ஆங்கிலத்திலோ இந்தியிலோ உச்சரிப்பையும் பொருளையும் சேர்த்து எழுதினால் சரி. பதிவுக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் பெயரைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் யாரும் நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் அடுத்த முறை சிவகாசிக்கு லேபிள் கொடுக்கும்போது பட்டப்பெயரைப் பெரிதாக மேலே போட்டு, பழைய பெயரைக் கீழே இறக்குங்கள். வாடிக்கையாளர்களுக்குப் பழகிவிடும்.

அரசுக் கட்டணம், தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு பெயருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ஆக இப்போதைக்கு 9,000. ஊறுகாய் போடும் எண்ணம் உறுதியானால் 29-ஆம் வகுப்பையும் பிறகு சேர்க்கலாம்.

யார் பெயரில் என்பது வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. அதைத் தள்ளிப் போட்டுவிட்டு விண்ணப்பிக்க வேண்டாம். தொழில் உங்களுடையது, உழைப்பு உங்களுடையது, உணவுப் பதிவும் உங்கள் பெயரில். பில் மட்டும் கணவரின் ஜிஎஸ்டி எண்ணில் போகிறது. இப்படியே நீங்கள் விண்ணப்பித்தால், ஆதாரமாகக் கொடுக்கும் பில்களில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறதே என்று கேள்வி வரும். என் கருத்து, பெயர் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவரிடமிருந்து, 2019 முதல் அந்தப் பெயருக்குச் சேர்ந்திருக்கும் நற்பெயரோடு பெயரை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு பத்திரம் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பான் எண்ணை வைத்து வருவது, அப்படியே மாற்ற முடியாது. உங்கள் பெயரில் புதிதாக எடுப்பதைப் பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். இருவரும் கூட்டாக நடத்துவது என்றால் கூட்டு நிறுவனப் பத்திரம் எழுதி அதன் பெயரில் போடலாம். அப்போது உத்யம் சான்றிதழ் இருந்தால்தான் ஒரு விண்ணப்பத்துக்கு 4,500, இல்லாவிட்டால் 9,000. அந்தப் பத்திரத்தில், பின்னால் பிரிந்தால் பிராண்டு யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். சங்கடப்பட்டு அந்த வரியை விட்டுவிட்டு, அண்ணன் தம்பி பத்து வருடம் நீதிமன்றம் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ஏழு நாள்காரருக்கு வருகிறேன். விண்ணப்பத்தை அலுவலகம் பரிசீலித்து ஏற்றுக்கொண்ட பிறகு தன் இதழான டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடும். வெளியான நாளிலிருந்து நான்கு மாதம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று சட்டமே காத்திருக்கிறது. அப்படியிருக்க ஏழு நாளில் எப்படிப் பதிவு வரும்? அவர் தரப்போவது விண்ணப்ப எண். 1,499 என்பது அவர் கூலி, அரசுக் கட்டணம் தனி. எண் கிடைத்ததும் பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான், அதற்கு முன் போடுவது சட்டப்படி தவறு.

இதில் நான் பார்த்த பெரிய கொடுமை மின்னஞ்சல் விவகாரம். ஒரு ஊதுவத்திக்காரர் இப்படித்தான் மலிவாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். ஏஜெண்டு விண்ணப்பத்தில் தன் மின்னஞ்சலையும் தன் போன் எண்ணையும் மட்டும் கொடுத்திருந்தார். அலுவலகம் தன் கேள்விகளை எழுதி அனுப்பும் பரிசோதனை அறிக்கை அங்கே போனது. அது கிடைத்து முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். யாரும் தரவில்லை. இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தபோது எண்ணைப் போட்டுப் பார்த்தோம், விண்ணப்பம் கைவிடப்பட்டது என்று இருந்தது. அந்த இரண்டு வருடமும் பாக்கெட்டில் டிஎம் அடித்துக்கொண்டிருந்தார், பாவம். யாரை வைத்துப் போட்டாலும் உங்கள் சொந்த மின்னஞ்சலும் அதில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ஒருநாள் 'அப்ஜெக்டட்' என்று காட்டும். பதற வேண்டாம். நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, கேள்வி கேட்டிருக்கிறார்கள். உங்கள் லேபிளுக்குக் கட்டாயம் கேட்பார்கள், அந்த அம்மன் பெயரில் ஏற்கெனவே இருப்பவர்களைக் காட்டி. அதற்குத்தான் சிவகாசி பில்.

பதிவு கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்தே பத்து வருடம் செல்லும். அப்புறம் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். கோயம்புத்தூர்க்காரர் முந்திக்கொண்டு ஏற்கெனவே போட்டிருந்தால், ஜர்னலில் வந்த நான்கு மாதத்துக்குள் நீங்கள் எதிர்ப்பு மனு போட வேண்டும். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். நான்கு மாதம் தாண்டிப் பதிவாகிவிட்டாலும் நீக்கக் கேட்க வழி இருக்கிறது, ஆனால் வேலை அதிகம்.

கடைசியாக அத்தையின் படம். போடலாம். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரோ படமோ இருந்தால் அவரது எழுத்துப்பூர்வமான சம்மதத்தை அதிகாரி கேட்கலாம். இறந்து இருபது வருடம் ஆகாதவர் என்றால் வாரிசுகளிடம் கேட்பார்கள். கேட்கட்டும் என்று காத்திராமல் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். என் பெயரையும், ஊரார் என்னை அழைக்கும் பட்டப்பெயரையும், என் படத்தையும் என் மருமகள் தன் பொடி வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் பதிவு செய்யவும் எனக்குப் பூரண சம்மதம் என்று தமிழிலேயே எழுதுங்கள். எழுதியதை அவருக்கு ஒருமுறை நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். எழுபத்தெட்டு வயது, கையெழுத்துப் போட வராது என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லி, பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அந்தக் காகிதத்தை சிவகாசி பில்லோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.